திரையில் டாக்டர் வருகிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்?

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்தில் இறங்கி கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தால், கண்ணாடி பதித்த மென்பொருள் அலுவலகங்களும் லேத் பட்டறைகளும் அடுத்தடுத்து வரும். இரண்டு இடத்திலும் வேலை செய்கிறவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்காமல் போகிறது. மன உளைச்சல் ஆள் பார்த்து வருவதில்லை. வைத்தியம்தான் ஆள் பார்த்து வருகிறது. கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவர் கைபேசியில் ஓர் ஆலோசகரைப் பிடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, தனக்குப் பழகிய மொழியில் பேசிவிடுவார். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, ஓர் அறையை ஐந்தாறு பேரோடு பகிர்ந்துகொள்ளும் பட்டறை இளைஞரின் கையிலும் அதே கைபேசி இருக்கிறது. அவர் எந்த மொழியில் பேசுவார்? எங்கே உட்கார்ந்து பேசுவார்?

திரை வழியாக மனநல வைத்தியம் நடக்கும் என்பதே முதலில் வியப்புக்குரிய விஷயம். வயிற்றைத் தொட்டோ ஸ்கேன் எடுத்தோ பார்க்காமல் குடல்வால் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் மனநல மருத்துவருக்குப் பேச்சும் பார்வையும்தான் பரிசோதனை. நோயாளி பேசும் வேகம், கண் எங்கே போகிறது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழும் மௌனம் எல்லாமே கேமராவில் தெரியும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மனநல நிறுவனம் 1959-லேயே தொலைக்காட்சி இணைப்பு வழியாகக் குழு சிகிச்சை நடத்திப் பார்த்தது. 1964-இல் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையோடு அந்த நிறுவனத்துக்கு இருவழிக் காட்சித் தொடர்பு கிடைத்தது. கைபேசி பிறப்பதற்கு முன்பே இந்த யோசனை பிறந்துவிட்டது.

அதைத் தமிழ்நாட்டுக் கிராமத்துக்குக் கொண்டுபோனது நம் சென்னைதான். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம், மனச்சிதைவு நோயாளிகளுக்காகவே உழைக்கும் அமைப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர மக்களுக்காகத் தொலைவழி மனநல சேவையில் இறங்கிய ஸ்கார்ஃப், 2010 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஓடவிட்டது. பஸ்ஸுக்குள்ளேயே ஆலோசனை அறை, பக்கத்திலேயே மருந்தகம். நோயாளியும் வீட்டாரும் ஏறி உட்கார்ந்தால் திரையில் சென்னை டாக்டர் பேசுவார். அவர் எழுதும் மருந்தை அங்கேயே இலவசமாக வாங்கிக்கொண்டு இறங்கலாம்.

மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை பெரும்பாலும் வருடக்கணக்கில் தேவைப்படும். நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் செலவும் செய்து நகரத்துக்குப் போய் வருவது ஏழைக் குடும்பத்தால் எத்தனை மாதம் முடியும்? மருந்து நின்றுபோவதற்கு நோயாளியின் பிடிவாதம்தான் காரணம் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் தூரமும் கூலியும்தான் காரணம்.

அந்த பஸ் திட்டத்தில் என்னை அதிகம் கவர்ந்தது கேமரா அல்ல. வீடுவீடாகப் போன, அந்தந்த ஊரைச் சேர்ந்த களப்பணியாளர்கள்தான். ‘பேய் பிடிச்சிருக்கு’ என்று ஒதுக்கிவைத்த வீட்டுக்குள் நுழைந்து பேச அவர்களால் முடிந்தது. மாத்திரை போட்டாரா, தூங்கினாரா என்று அடுத்த வாரம் போய்க் கேட்கவும் முடிந்தது. திரை தூரத்தை இல்லாமல் ஆக்கியது. கூச்சத்தையும் பயத்தையும் கரைத்தவர்கள் அவர்கள்.

இப்படி ஆள் துணை தேவையில்லை, கணினியே போதும் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். ஒருவர் எழுதுவதைப் படித்தே மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் வந்திருக்கின்றன. மனச்சோர்வில் இருப்பவர்கள் ‘நான், எனக்கு’ என்று தங்களைப் பற்றியே அதிகம் பேசுவார்கள் என்பது ஆங்கிலம் பேசுவோரிடம் பல ஆண்டுகளாகக் கண்ட அடையாளம். 2024-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 868 அமெரிக்கர்களின் ஃபேஸ்புக் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் வெள்ளையர், பாதிப் பேர் கறுப்பினத்தவர். வெள்ளையரிடம் அந்த அடையாளம் பொருந்தியது, கறுப்பினத்தவரிடம் பொருந்தவில்லை. கறுப்பினத்தவரின் எழுத்தை மட்டுமே கொடுத்துப் பயிற்றுவித்த நிரலும் அவர்களிடம் சரியாக வேலை செய்யவில்லை.

ஒரே நாடு, ஒரே மொழி, அதற்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. நம் ஊரில் மனச்சோர்வு பல நேரம் உடம்பு வழியாகத்தான் பேசும். தலை பாரம், கை கால் அசதி, உடம்பெல்லாம் எரிச்சல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளராத நிரலை, அதிலும் பட்டறையில் ஒடியா பேசும் இளைஞரிடம், ஆள் துணையில்லாமல் விடக்கூடாது என்பதே என் கருத்து.

ஆள் துணையின் பலனுக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு சான்றும் இருக்கிறது. சென்னையில் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தை 1986-இல் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் ஒரு முயற்சி செய்தது. முகாமிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆபத்தில் இருப்பவரைத் தொண்டர் தவறாமல் போய்ப் பார்ப்பார். மனம் உடையும் நேரத்தில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார். இதன் முடிவு 2017-இல் வெளியானது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட இன்னொரு முகாமைவிட இங்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. அதே முகாமில் வாழ்ந்து, அதே இழப்பைச் சுமந்தவர் வந்து பேசியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

கருவி இருந்தால் போதும் என்பவர்கள் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த இந்தியப் பெண்கள் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒருவர்தான். கணவரின் கைபேசியில் கணவரைப் பற்றி எப்படிப் பேசுவது? காது கேளாதவருக்குக் குரல்வழி உதவி எண் எதற்குப் பயன்படும்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சாதி, மதம், பாலினம், பாலியல் நாட்டம், வர்க்கம், ஊனம் எதையும் காரணம் காட்டி மனநல சேவையை மறுக்கக்கூடாது என்கிறது. சேவை கிடைக்கும் வழியே சிலருக்கு அடைபட்டிருந்தால் அதுவும் மறுப்புதான்.

மொழி விஷயத்தில் அரசு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2022 அக்டோபர் 10, உலக மனநல தினத்தன்று ‘டெலி மானஸ்’ தொலைபேசி சேவை தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இதை வழிநடத்துகிறது. தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று பெயர். கூப்பிட்டதும் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம்; நாடு முழுவதும் 20 மொழிகளில் ஆலோசகர்கள் பேசுகிறார்கள். பிரச்சினை பெரிதென்றால் மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அனுப்பிவைப்பார்கள். ஸ்மார்ட்போன் தேவையில்லை, சாதாரண பட்டன் போனே போதும்.

உங்கள் பட்டறையிலோ, வீடு கட்டும் இடத்திலோ, ஓட்டலிலோ வேலை செய்யும் வெளிமாநிலத்துப் பையன் சில நாட்களாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு இந்த எண்ணைக் கொடுங்கள். அவன் பேசுவதற்கு அரை மணி நேரம் ஓர் அறையைக் காலிசெய்து கொடுங்கள். எண் 14416. கட்டணம் இல்லை. இரவும் பகலும் எடுப்பார்கள்.