மேக் கணினியில் உரிமம் இல்லை என்கிறதா? மறுபடியும் பணம் கட்டும் முன் கணக்கைத் தேடுங்கள்

பல்கலைக்கழகம் முடித்து வந்த மகள் வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்காருகிறாள். மூன்று ஆண்டுகளாகப் பழகிய அதே மேக்புக், அதே வேர்ட். பழைய கோப்பு திறக்கிறது. படிக்க முடிகிறது, அச்செடுக்கவும் முடிகிறது. ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. உரிமம் இல்லை என்று மேலே ஒரு பட்டை சொல்கிறது. விண்ணப்பத்திற்கு மறுநாள்தான் கடைசி நாள். அப்பா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கடைக்கு ஓடுகிறார். "சாஃப்ட்வேர் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும்" என்கிறார்கள். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது இது. உண்மையில் அந்த மேக்கில் எதுவும் போயிருக்காது. படிக்கும் காலத்தில் பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் கணக்கின் பேரில் வேர்ட் ஓடிக்கொண்டிருந்தது. படிப்பு முடிந்து அந்தக் கணக்கு மூடப்பட்டதும் உரிமமும் கூடவே போய்விட்டது. கணினியை எத்தனை முறை அழித்து மென்பொருளை மறுபடி ஏற்றினாலும் பயன் இல்லை, ஏனென்றால் உரிமம் கணினிக்குள் இருப்பதில்லை. அது ஒரு கணக்கில் இருக்கிறது.

பழைய பழக்கம்தான் இங்கே குழப்புகிறது. மேக்கிற்கான ஆபிஸ் 2011 வந்தபோது பெட்டிக்குள் இருந்த 25 எழுத்துச் சாவியைக் கணினியிலேயே தட்டச்சு செய்தால் போதும், வேலை முடிந்தது. இப்போது வீட்டுப் பயனர் கடையில் வாங்கும் ஆபிஸ் அப்படி இல்லை. அட்டையில் உள்ள 25 எழுத்துகளை மைக்ரோசாப்ட் இணையப் பக்கத்தில் ஒரே ஒரு முறை பதிகிறோம். அந்த நொடியில், எந்த மின்னஞ்சலில் உள்நுழைந்திருந்தோமோ அதோடு உரிமம் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு மேக்கில் சாவியைக் கேட்கும் கட்டமே வராது, அந்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும்தான் சாவி. அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து மின்னஞ்சலை மறந்தவருக்கு அட்டையால் பெரிய உதவி இல்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது ஒரு சின்னச் சோதனை. வேர்டைத் திறந்து, திரையின் மேல் ஓரத்தில் 'வேர்ட்' என்ற சொல்லைச் சொடுக்கி, 'அபவுட் மைக்ரோசாப்ட் வேர்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே உரிமத்தின் வகை எழுதியிருக்கும். மாதச் சந்தா என்றால் 'மைக்ரோசாப்ட் 365', ஒரே முறை பணம் கட்டி வாங்கியது என்றால் 'ரீடெய்ல்', நிறுவனத்தின் மொத்த உரிமம் என்றால் 'வால்யூம்'. கைமாறி வந்த மேக்கில் 'வால்யூம்' என்று இருந்தால் அது முன்பு வைத்திருந்த நிறுவனத்தின் சொத்து. இன்று ஓடினாலும் அதை நம்பி இருக்க முடியாது.

அடுத்து, கணக்கைத் தேடும் வேலை. நேரம் அதிகம் பிடிப்பது இங்கேதான். வீட்டில் அண்ணன் வாங்கித் தந்திருப்பார், அவருடைய மின்னஞ்சலில் பதிந்திருப்பார். அல்லது கடைக்காரரே புதிதாக ஒரு மின்னஞ்சலைத் திறந்து, பதிந்து, எழுதிக் கொடுக்காமல் விட்டிருப்பார். வீட்டில் உள்ளவர்களின் எல்லா மின்னஞ்சல் முகவரிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக மைக்ரோசாப்ட் கணக்குப் பக்கத்தில் நுழைந்து சந்தாப் பிரிவைப் பார்ப்பதுதான் வழி. வாங்கிய நாளில் வந்த ரசீது மின்னஞ்சல் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று தேடினாலும் விடை கிடைக்கும். சந்தாவாக இருந்தால் பணம் பிடிக்கும் வங்கி அட்டையின் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துவிடலாம். அண்ணனின் குடும்பச் சந்தாவில் சேர்ந்தவர் என்றால், அண்ணன் புதுப்பிக்காத அன்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்றுவிடும்.

மின்னஞ்சல் கிடைத்தும் உள்ளே போக முடியாதவர்களும் உண்டு. உறுதிப்படுத்தும் எண் பழைய கைப்பேசிக்குப் போகும், அந்த ப்ரீபெய்ட் எண்ணோ காலாவதியாகி இருக்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் பழைய பாதுகாப்பு விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றக் கேட்டால் 30 நாள் காத்திருக்க வேண்டும். கைப்பேசி எண்ணை மாற்றுகிறவர்கள் பழைய எண் உயிரோடு இருக்கும்போதே கணக்கில் புதிய எண்ணைச் சேர்த்துவிடுவது நல்லது. இதை யாரும் செய்வதில்லை, அதுதான் சங்கடம்.

கணக்கு சரியாக இருந்தும் மேக் ஏற்க மறுத்தால் தேதியைப் பாருங்கள். பல மாதம் மின்னூட்டாமல் அலமாரியில் கிடந்த மேக்புக் பழைய தேதியோடு எழுந்திருக்கக்கூடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்க முடியாமல் இணைப்பே முறிந்துவிடும். 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'டேட் அண்ட் டைம்' என்று போய்த் தானாக அமையும்படி விட்டால் போதும். விபிஎன் ஓடினால் அணைத்துவிடலாம். அலுவலகம் அல்லது கல்லூரி வைஃபையில் சிக்கல் என்றால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை முயன்று பார்க்கலாம்.

அதிலும் தீரவில்லை என்றால் பழைய உரிமத்தின் மிச்சங்கள் உள்ளே கிடக்கின்றன என்று கொள்ளலாம். பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்கிற்கு மாறுகிறவர்களுக்கு இது வரும். மைக்ரோசாப்ட் நிறுவனமே 'லைசென்ஸ் ரிமூவல் டூல்' என்ற ஒரு கருவியை இலவசமாகத் தருகிறது. அதை அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். ஆபிஸ் செயலிகளை எல்லாம் மூடிவிட்டு அதை ஓட்டினால் பழைய உரிமங்கள் நீங்கி, வேர்ட் புதிதாக ஏற்றியதுபோல் உள்நுழையச் சொல்லும். கணினியில் எழுதி வைத்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பல்கலைக்கழகக் கணக்கின் ஒன்டிரைவில் வைத்தவை வேறு கதை. கணக்கு மூடப்படும் முன்பே அவற்றைப் பிரதி எடுத்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்கள் இணையச் சந்தையில் சில பத்து வெள்ளிக்கு விற்கும் சாவியை வாங்கிவிடுகிறார்கள். அப்படி விற்கப்படுபவற்றில் 'புரொபெஷனல் பிளஸ்' என்ற பெயரைப் பார்த்தால் தள்ளி நிற்கலாம். அது விண்டோஸ் கணினிக்கான பதிப்பு, மேக்கில் அப்படி ஒன்று கிடையாது. ஏமாந்தவர்கள் முதலில் அந்தச் சந்தைத் தளத்திலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விற்றவர் மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை.

அதைவிட மோசமானது 'கிராக்' செய்த மென்பொருள். ஏற்றும்போது அது மேக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும், நாமும் கொடுத்துவிடுவோம். 2023 முதல் பரவிவரும் 'அட்டாமிக் ஸ்டீலர்' என்ற தீநிரல் இப்படிப்பட்ட போலி மென்பொருளுக்குள் ஒளிந்து வந்து, மேக் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களைத் திருடுகிறது. வங்கிக் கடவுச்சொல்லும் அதில் இருக்கும். 'ஆக்டிவேஷன் உதவி' என்று இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணை அழைத்து, அங்கிருந்தவரிடம் டேக் எண்ணைச் சொல்லிவிட்டவர்கள் தாமதிக்காமல் வங்கியையும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும்.

திருமணப் படம், அழைப்பிதழ் வேலை செய்யும் சிறு கடைகளில் சிக்கல் வேறு விதம். அடோபி சந்தாவை இரண்டு கணினிகளில் பதியலாம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பயன்படுத்தலாம். மூன்றாவது கணினியில் நுழைந்தால் முந்தைய ஒன்றிலிருந்து விலகச் சொல்லும். முறைப்படி பணம் கட்டியும் உரிமம் ஏறாத மேக்குகளும் உண்டு. முன்பு யாரோ அதில் கிராக் ஏற்றியபோது, அடோபி சேவையகங்களைத் தொடர்புகொள்ளாதபடி 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில் தடைபோட்டுச் சென்றிருப்பார்கள். கிராக்கை நீக்கினாலும் தடை அப்படியே இருக்கும். அதை அகற்றவும் அந்த நிறுவனம் ஒரு கருவி வைத்திருக்கிறது. 2019-இல் வந்த கேட்டலினா முதல் 32 பிட் மென்பொருள்களை மேக் திறப்பதே இல்லை. ஆபிஸ் 2011 போன்றவற்றின் சாவி கையில் இருந்தாலும் அது இப்போது வெறும் ஞாபகப் பொருள்தான்.

பழைய மேக் வாங்குகிறவர்கள் விற்பவரின் முன்னிலையிலேயே அவருடைய ஆப்பிள் கணக்கை வெளியேற்றச் சொல்ல வேண்டும். 'ஃபைண்ட் மை' வசதியை அணைக்காமல் கொடுத்துவிட்டுப் போனால், அழித்துப் புதிதாக அமைக்கும்போது புதிய மேக்குகள் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அவர் ஆப் ஸ்டோரில் வாங்கிய செயலிகளும் புதுப்பிக்கும்போது அவருடைய கணக்கையே கேட்கும்.

இனி, மறுநாள் கடைசி நாள் என்று தவிக்கும் அந்தப் பிள்ளைக்கு. மேக்கோடு 'பேஜஸ்' இலவசமாக வருகிறது. வேர்ட் கோப்பை அதில் திறந்து, திருத்தி, 'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸ்போர்ட் டு' வழியாக வேர்ட் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ எடுக்கலாம். இலவச மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்று திறந்தால் சஃபாரியிலேயே இணையவழி வேர்டும் கிடைக்கும். தமிழில் எழுதவும் தனி மென்பொருள் வேண்டாம். அஞ்சல், தமிழ் 99 விசைமுகங்களும், நம் நாட்டவரான முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும் மேக்கிலேயே இருக்கின்றன. விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். விண்ணப்பத்தை இன்றிரவே அனுப்பிவிட்டு, அண்ணனின் மின்னஞ்சலை நாளை தேடலாம்.