கொழுத்த பூனைக்கு மூச்சு முட்டுவதேன்?

கோத்தா திங்கி வட்டாரத் தோட்டத்து வீடுகளிலும் சரி, பட்டணத்து வீடுகளிலும் சரி, அரிசி மூட்டையை எலியிடமிருந்து காக்க வந்த பூனை நாளடைவில் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிடுகிறது. அம்மா நெத்திலி போடுகிறார். அப்பா தம் தட்டிலிருந்து பொரித்த மீனைப் பிய்த்துக் கொடுக்கிறார். பிள்ளைகள் தங்கள் பங்குக்குப் பாலும் பிஸ்கட்டும் ஊட்டுகிறார்கள். ஒரு நாளில் அது எவ்வளவு தின்றது என்பது யாருக்கும் தெரியாது. பூனை பந்து போல் உருண்டு திரண்டால் நமக்கு ஒரு பெருமைதான். ஆனால் அந்தக் கொழுப்பு அதன் மூச்சையே நெரிக்கும் என்பதை அறிவீர்களா?

சாதாரண வீட்டுப் பூனையின் எடை 4 முதல் 5 கிலோ. 5 கிலோ இருக்கவேண்டிய பூனை 6 கிலோ ஆவது, 50 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ அரிசி மூட்டையை இரவு பகலாக இறக்காமல் சுமப்பதற்குச் சமம்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்னும் தசைத்திரை இருக்கிறது. அது கீழே இறங்கினால்தான் நுரையீரல் விரிந்து காற்று நிறையும். வயிற்றில் சேர்ந்த கொழுப்பு அதை இறங்க விடாது. விலாவைச் சுற்றிய கொழுப்போ நெஞ்சை விரிய விடாது. ஆகவே பூனை குறுகக் குறுக, வேகமாக மூச்சு விடுகிறது. கொழுப்பு கம்பளி போல் உடற்சூட்டையும் அடைத்து வைக்கும். தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெயிலிலும், புகைமூட்ட நாட்களிலும் அதன் பாடு இன்னும் திண்டாட்டம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். பூனை தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்று என எண்ணுங்கள். ஒரு நிமிடத்திற்கு 30-க்குள் இருக்கவேண்டும். பலமுறை எண்ணியும் அதற்கு மேல் போனால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ஆஸ்துமா, இருதய நோய், நெஞ்சில் நீர் கோத்தல் ஆகியவற்றாலும் மூச்சு முட்டும். எல்லாம் கொழுப்பினால்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக்கூடாது.

எடையைக் குறைக்கப் பட்டினி போடலாமா? கூடவே கூடாது! கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாமலிருந்தால் கல்லீரலில் கொழுப்பு நிறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 6 கிலோ பூனை வாரத்திற்கு 60 முதல் 100 கிராம் குறைந்தால் போதும். ஒரு கிலோ குறைய மூன்று நான்கு மாதம் ஆகலாம், பொறுமை வேண்டும். எவ்வளவு தீனி என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் கிண்ணத்தால் அளந்து போடட்டும். கயிற்றில் காகிதத்தைக் கட்டி இழுத்துத் தினமும் சற்று நேரம் ஓடவிடுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் உடம்பு சீராகிறது என்று பொருள்.

தகுந்த உணவு தருவதும் நோயிலிருந்து காப்பதும் வளர்ப்பவர் கடமை என மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது. வாயில்லா ஜீவன் மூச்சு முட்டுகிறது என்று சொல்லாது; காலைச் சுற்றி வந்து இன்னும் கொஞ்சம் மீன்தான் கேட்கும். அப்போது தட்டிலிருந்து எடுத்துப் போடாமல், அதன் தலையைத் தடவிக் கொடுங்கள். அதுவும் அன்புதான்.