கொள்ளைநோய்க் காலத்தில் தேர்ச்சி தருபவர் யார்?

படவேடு என்றவுடன் பக்தர்களுக்கு ரேணுகாம்பாள் நினைவுக்கு வருவாள். வரலாற்று மாணவர்க்குச் சம்புவராயரின் தலைநகரம் நினைவுக்கு வரும். எனக்கு அது பிறந்த ஊர். ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழையும் நெல்லும் விளையும் மண். ஆரணிப் பட்டுக்காக ஓடும் தறிகளின் ஓசையும் அப்பக்கத்துத் தெருக்களில் கேட்கும். 2020 மார்ச் 24 அன்று இரவு நாடு முழுமைக்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று இரண்டு சட்டைகளோடு போனவன், பல மாதங்கள் அங்கிருந்தே பாடம் நடத்தும்படி ஆயிற்று.

வீட்டில் கைப்பேசிக்கு அலை கிடைத்த ஒரே இடம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஓரம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையை அந்தத் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துதான் நடத்தினேன். மாணவர்களில் பாதிப் பேர் வருவர். வந்தவர்களிலும் பாதிப் பேர் நடுவில் மறைந்துபோவர். ஒரு மாணவனின் ஒலிவாங்கி திறந்தால் மட்டும் தறியோசை கேட்கும். இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்தவன். தந்தையோடு கூலிக்குப் பட்டு நெய்பவன். ஊரடங்கில் கர்நாடகத்துப் பட்டு நூல் வரத்து நின்றது. திருமணத்திற்கு 50 பேர் என்ற வரம்பு வந்தபின் பட்டுச் சேலை கேட்பாரும் குறைந்தனர். மீண்டும் பாவு கிடைத்தபோது ஒரு நாளையும் விட்டுக்கொடுக்க அந்தக் குடும்பத்தால் முடியவில்லை. கைப்பேசியைத் தறிக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டு, குழிக்குள் கால்களை விட்டபடியே அவன் பாடம் கேட்டான். நான் கடிந்துகொள்ளவில்லை. தறி நின்றால் வகுப்பும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

அவனுக்கு முதலாண்டுத் தாள்கள் இரண்டு அரியராக இருந்தன. 2020 ஆகஸ்ட் 26, புதன்கிழமை. தேர்வுக் கட்டணம் செலுத்திக் காத்திருந்த அரியர் மாணவர்கள் தேர்வெழுதுவதிலிருந்து விலக்கப்பட்டுத் தேர்ச்சி பெற்றவர்களாகக் கருதப்படுவர் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அறிவித்தார். ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை. இறுதியாண்டுத் தேர்வு பற்றிய வழக்கில், தேர்வு நடத்தாமல் மாணவர்க்குத் தேர்ச்சி வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று மாலையே அவன் என்னை அழைத்தான்.

"சார், புதன்கிழமை பாஸ்னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமை பரீட்சை எழுதாம பாஸ் இல்லைன்னு சொல்றாங்க. நான் பாஸா, பெயிலா?"

அரசியலமைப்பைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் நான். "பொறு தம்பி, பார்க்கலாம்" என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாத விடையைத்தான் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். கொள்ளைநோய் வந்தால் நம் அரசுகள் எடுக்கும் பழைய கருவி 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்கள் சட்டம். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியதை ஒட்டி, மறு ஆண்டு பிப்ரவரியில் அவசரமாக இயற்றப்பட்டது. பிறந்தபோது அதில் நான்கே பிரிவுகள். பெயர் ஒரு பிரிவு. நோயைத் தடுக்கத் தேவை என்று அரசு கருதும் எந்த விதியையும் இயற்றலாம் என்பது இரண்டாம் பிரிவு. மீறினால் தண்டனை என்பது மூன்றாவது. இச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்தோடு செயற்பட்ட எவர்மீதும் வழக்குத் தொடர இயலாது என்பது நான்காவது. குடிமக்களுக்கு உள்ள உரிமை பற்றி ஒரு வரியும் கிடையாது. 2020-இல் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோர்க்குக் கடுந்தண்டனை அதில் சேர்க்கப்பட்டது. இச்சட்டம் இக்காலத்துக்குப் போதாது என்று 2024 பிப்ரவரியில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 286-ஆம் அறிக்கையில் கூறியது.

நாடு தழுவிய ஊரடங்கு வந்தது வேறொரு சட்டத்தின் வழியாக. சுனாமிப் பேரழிவுக்குப் பின் 2005-இல் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம் அது. இவ்விரண்டு சட்டங்களுக்கும் கதவைப் பூட்டத் தெரியும். கல்லூரியை மூடு என்று ஆணையிடலாம். சந்தையை, கோயிலை, பேருந்தை நிறுத்தலாம். அந்த ஆண்டு ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் சந்நிதி கூட்டமின்றிக் கிடந்ததும் அதனால்தான். ஆனால் மூடிய கல்லூரியின் மாணவன் தேறினானா, தவறினானா என்பதைப் பற்றி இரு சட்டங்களும் வாய் திறப்பதில்லை.

இங்கே ஒரு கல்லூரிப் பேராசிரியரின் கதையைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. 1897-இல் புனே நகரில் பிளேக் தடுப்புப் பணி வால்டர் ரேண்ட் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. நோயாளிகளைத் தேடிப் படைவீரர்கள் வீடு வீடாக நுழைந்தனர். பூசையறை, அடுக்களை என்ற வேறுபாடு பார்க்கவில்லை. பெர்குசன் கல்லூரிப் பேராசிரியரான கோபால கிருஷ்ண கோகலே அவ்வேளையில் இங்கிலாந்தில் இருந்தார். இந்திய அரசின் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின்முன் சாட்சியம் அளிக்கப் போயிருந்தார். வீரர்கள் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டனர் என்று புனே நண்பர்கள் அவருக்குக் கடிதம் எழுதினர். அவர் அதை நம்பி, அங்குள்ள பத்திரிகையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அரசு சான்று கேட்டது. தாயகம் திரும்பியபோது, கடிதம் எழுதிய நண்பர்கள் தங்கள் பெயரை வெளியிட ஒப்பவில்லை. கோகலே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன்பே, ஜூன் 22 அன்று ரேண்ட் சுடப்பட்டு, சில நாளில் இறந்துபோனார். கேசரியில் வெளிவந்த எழுத்துகளுக்காகத் திலகர் இராசத்துரோகக் குற்றத்தின்கீழ் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

அந்த மன்னிப்புக்காகக் கோகலேயை இகழ்ந்தோர் பலர். நான் அவர்களோடு சேரமாட்டேன். சான்று காட்ட முடியாததைச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதற்கும் நெஞ்சுரம் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆணையிட்டவர்களுக்கு நான்காம் பிரிவு காப்பாக நின்றது. கேள்வி கேட்ட பேராசிரியருக்கு எந்தப் பிரிவும் துணைவரவில்லை. அவர் நம்பிய நண்பர்களும் துணைவரவில்லை.

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபோது, இலண்டன் பல்கலைக்கழகமே அவற்றுக்கு முன்மாதிரி. அவை பாடம் நடத்தவில்லை. அது கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே பல்கலைக்கழகத்தின் வேலை. பாடம் கற்பிக்கவும் ஆராயவும் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. என்றாலும் நம்மைப் போன்ற இணைவுக் கல்லூரிகளின் மாணவனுக்கு இன்றும் பல்கலைக்கழகம் என்றால் நுழைவுச் சீட்டும் மதிப்பெண் பட்டியலும்தான். அந்த வளாகத்தை அவன் பார்த்தே இருக்கமாட்டான். ஆகவே தேர்வு நின்றபோது அவனைப் பொறுத்தவரை பல்கலைக்கழகமே நின்றுபோயிற்று.

(1665-இல் பிளேக்கினால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது நியூட்டன் சொந்த ஊருக்குப் போய்ப் பெருங்கண்டுபிடிப்புகளுக்கு வித்திட்டார் என்ற செய்தியை 2020-இல் யாராவது ஒருவர் எனக்கு நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தார். நியூட்டன் அவ்வாண்டே பி.ஏ. பட்டம் வாங்கிவிட்டார். அவருக்கு அரியர் இல்லை என்பதை யாரும் எழுதவில்லை.)

இப்போது அந்தத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குத் திரும்புவோம். ஏழாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் 6-ஆம் இனம். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பொதுப்பட்டியலில் 29. கல்வி முன்னர் மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-ஆம் திருத்தம் அதைப் பொதுப்பட்டியலின் 25-ஆம் இனமாக மாற்றியது. இவற்றோடு மத்தியப் பட்டியலின் 66-ஆம் இனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைப்பதும் வரையறுப்பதும் அதில் அடங்கும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்பணி பல்கலைக்கழக மானியக் குழுவிடம் உள்ளது.

ஆகவே தேர்வு ஒன்றேயானாலும் அதற்குள் கேள்விகள் இரண்டு. நோய் பரவும்போது தேர்வுக்கூடத்தைத் திறக்கலாமா என்பது ஒன்று. தேர்வு எழுதாதவனைத் தேறியவன் எனலாமா என்பது மற்றொன்று. முன்னது உடல்நலம் பற்றியது. பின்னது தரம் பற்றியது. உச்ச நீதிமன்றம் இவ்விரண்டையும் அழகாகப் பிரித்தது. செப்டம்பர் இறுதிக்குள் இறுதியாண்டுத் தேர்வு நடத்தியாக வேண்டும் என்று மானியக் குழு 2020 ஜூலை 6 அன்று கூறியிருந்தது. அந்த நாளுக்குள் முடியாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் மாநில அமைப்பு சொன்னால் அந்தச் சொல்லே செல்லும். நாளைத் தள்ளிவைக்கும்படி குழுவிடம் கேட்கலாம். ஆனால் தேர்வே வேண்டாம், அனைவரும் தேறினர் என்று சொல்லும் அதிகாரம் பேரிடர்ச் சட்டத்திலிருந்து வராது. ஒத்திவைக்கலாம், ஒழிக்கலாகாது.

தம்பி கேட்டதோ இறுதியாண்டுத் தேர்வைப் பற்றியன்று; அரியரைப் பற்றி. அங்கே இன்னொரு முடிச்சும் இருந்தது. இடைப்பருவ மாணவர்க்குத் தேர்வு நடத்த இயலாத இடங்களில், உள்மதிப்பீட்டுக்குப் பாதியும் முந்தைய பருவ மதிப்பெண்ணுக்குப் பாதியுமாகக் கணக்கிட்டு மேல்வகுப்புக்கு அனுப்பலாம் என்று மானியக் குழுவே ஏப்ரல் 29 அன்று வழிகாட்டியிருந்தது. அதற்கு ஓர் அடிப்படை உண்டு. மாணவன் ஏற்கெனவே காட்டிய தகுதி கணக்கில் இருக்கிறது. அரியர்த் தாளில் அவன் ஏற்கெனவே காட்டியது தோல்வி. அதைப் பாதியாக வகுத்தாலும் இரட்டித்தாலும் தேர்ச்சி வராது. இதைச் சொல்வதால் அம்மாணவர்களை நான் இகழ்வதாக எண்ணவேண்டாம். அந்த இரண்டு தாள்களில் அவன் தவறியதற்கு அவன் உழைப்புக் குறைவு மட்டும் காரணமில்லை என்று அவன் ஆசிரியனாகிய எனக்குத் தெரியும்.

அரசை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. கல்லூரிக் கட்டடங்கள் பல நோயாளிகளின் தங்குமிடங்களாக இருந்தன, பேருந்துகள் ஓடவில்லை. மாணவர்கள் அஞ்சினர், பெற்றோரும் அஞ்சினர். அறிவிப்பு வந்ததும் நன்றி கூறும் சுவரொட்டிகள் முளைத்தன. எட்டு மாதத்துக்குள் சட்டமன்றத் தேர்தல் இருந்ததையும் மறப்பதற்கில்லை. இரக்கமும் அரசியலும் கலந்து வந்த ஆணை அது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த ஆய்வாளராலும் இயலாது.

எனக்கு உறுத்தியது வேறு. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம்; தேர்ச்சியை அறிவித்தது கோட்டை. ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர்களுள் ஒருவர் அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி. "முன்னாள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர்களாகிய எங்களை 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன; அரசின் கொள்கையைப் பத்திரிகையில் குறைகூற இயலாது. (இதழாசிரியர் அஞ்ச வேண்டாம், நான் இங்கே சொல்லும் சட்டக் கருத்து நீதிமன்றம் சொன்னதுதான்.) ஆனால் துறைக்கூட்டத்தில் பேச எந்த விதியும் தடை செய்யவில்லை. அங்கும் நான் பேசவில்லை. மாணவர் மகிழ்ச்சியில் மண்ணைப் போடுவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தேர்வை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதே கடினமான கேள்வி. இங்கிலாந்தில் அதே ஆகஸ்டில் அதைக் கண்டார்கள். பள்ளி இறுதித் தேர்வை நீக்கிவிட்டு, ஆசிரியர் தந்த மதிப்பீட்டைக் கணினிச் சூத்திரம் ஒன்றால் திருத்தினார்கள். பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாறும் அச்சூத்திரத்தில் கலந்திருந்தது. பின்தங்கிய பள்ளியில் படித்த நல்ல மாணவன் தன் பள்ளியின் பழைய தோல்விகளுக்காகத் தண்டிக்கப்பட்டான். ஆகஸ்ட் 13 அன்று முடிவு வெளியாயிற்று. மாணவர் தெருவில் இறங்கினர். 17 அன்று சூத்திரத்தைக் கைவிட்டார்கள். எங்கள் பக்கத்து மாணவர்களை அப்படி ஒரு சூத்திரத்தில் போட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். பழைய மூன்று மணி நேரத் தேர்வின்மீது எனக்கிருந்த கோபம் சற்றுத் தணிந்தது. அங்கே விடைத்தாளில் ஊர்ப்பெயராவது இருப்பதில்லை.

வழக்கு நீண்டது. மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் ஆணையை ஏற்கவில்லை. 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க இயலாது என்றும், மானியக் குழுவோடு கலந்து ஏதேனும் ஒரு வகையில் தேர்வு நடத்த வழி காண வேண்டும் என்றும் கூறியது. "நீ பாஸும் இல்லை, பெயிலும் இல்லை, உன் தேர்வு இன்னும் நடக்கவில்லை" என்பதே ஆகஸ்ட் 28 அன்று அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை.

அவன் வீட்டிலிருந்தபடியே எழுதினான். வினாத்தாள் கைப்பேசியில் வந்தது. ஏ-நான்கு தாள்களில் எழுதி அஞ்சலில் அனுப்ப வேண்டும். தாள்களைக் கட்ட டேக் கிடைக்கவில்லை, கடைகள் மூடியிருந்தன. தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டிழையை முறுக்கிக் கட்டி அனுப்பினான். அப்படி அனுப்பலாமா என்று கேட்டுப் படம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தான். தாராளமாக அனுப்பு என்றேன். ஒரு தாளில் 43 வாங்கித் தேறினான். மற்றொன்றில் மறுபடியும் தவறினான். அதை 2022-இல் நம் கல்லூரித் தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதினான். அன்று அந்த அறைக்கு மேற்பார்வையாளன் நான். மூன்று மணி நேரத்தில் இரண்டு முறை கூடுதல் தாள் கேட்டான்.