‘லைன்’ என்னுஞ் சொல்

‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் கோட்டையும், செய்யுளடியையும், வரிசையையும் சுட்டும். இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும். கட்டுகஸ்தோட்டை வழியே 1880 ஆம் ஆண்டில் மாத்தளைக்குத் திறக்கப்பட்ட இருப்புப்பாதையும் லைன். சுற்றுப்புறத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழுந் தொடர்வீடும் லைன். இப்பிற்பொருளே தமிழர் நாவில் ‘லயம்’ என மருவிற்று.

‘லயம்’ என்னும் வடசொல் முன்னரே தமிழில் உண்டு. இசையில் அது தாளவொழுங்கு, சாத்திரத்தில் ஒடுக்கம். தோட்டத்து லயத்துக்கும் அதற்கும் பிறப்புறவு யாதுமில்லை.

ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா என அமைந்த அவ்வரிசைகளில் வாழ்ந்தோரிற் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. ஆதலின், லயமென்றதும் தாளத்தை மட்டும் நினையும் மாணவன், சொல்லோடு ஒரு மக்களின் வரலாற்றையும் தவறவிடுவான்.