சிறு மின்னைச் சிந்தாமல் சேர்ப்போம்

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைக்கவில்லை. ஆயினும் வானொலிச் செய்தி நின்றுவிடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் வானொலியை இயக்கினோம். பாதை திறக்குமா, எங்கே சண்டை என்பதை அப்படித்தான் அறிந்தோம்.

டைனமோ மின்னை வானொலிக்கு நேரே கொடுக்க முடியாது. அது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். டயோட் எனும் இருவாயிகள் நான்கை இணைத்தால் மின் ஒரே திசையில் ஓடும். ஒரு கொள்ளளவி அதன் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும்.

இந்த மாற்றத்துக்கும் கூலி உண்டு. ஒரே வேளையில் இரண்டு இருவாயிகளைக் கடந்தே மின் செல்கிறது. சிலிக்கன் இருவாயி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 வோல்ற்றை எடுத்துவிடும். மெதுவாகச் சுற்றி 3 வோல்ற்று பெற்றால், 1.4 வோல்ற்று வழியிலேயே போய்விடும். ஷொட்கி வகை இருவாயிகளில் இழப்பு இதில் ஏறத்தாழப் பாதிதான்.

இதே சிக்கல்தான் இன்றைய சிறு கருவிகளுக்கும். மண்ணின் ஈரத்தை அளந்து, கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் கருவிகள் இப்போது வயல்களில் வைக்கப்படுகின்றன. பற்றரி மாற்றும் செலவைத் தவிர்க்க, வெயில், வெப்ப வேறுபாடு, அதிர்வு ஆகியவற்றிலிருந்து மின் எடுக்கிறார்கள். கிடைப்பது துளியளவே. வெறும் 20 மில்லிவோல்ற்றை, சிறிய நிலைமாற்றியின் துணையுடன், 3.3 வோல்ற்றாக உயர்த்தும் சுற்றுகள் உள்ளன, எல்.ரி.சி. 3108 அவற்றில் ஒன்று. சேர்ந்த மின் கொள்ளளவியில் தங்கும். கருவி பெரும்பாலும் உறங்கும். இடையிடையே விழித்துச் செய்தி அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கும்.

கிணற்றில் ஊற்றை விஞ்சி இறைத்தால் நீர் வற்றும்; இறைக்காவிட்டால் பயிர் வாடும். சூரியத் தகடும் அப்படியே. சுமையில்லாதபோது காட்டும் வோல்ற்றளவில் ஏறத்தாழ முக்கால் பங்கில் வைத்து எடுத்தால்தான் அதிக மின் கிடைக்கும். நல்ல சுற்று அந்த அளவறிந்து இறைக்கும்.

ஆகவே, சூரிய விளக்கு வாங்கும்போது தகட்டின் பருமனை மட்டும் பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் சுற்றைப் பற்றியும் கேட்போம். டைனமோவில் வானொலி இயக்குவோர் மின் ஒழுங்காக்கி ஒன்றையும் பொருத்த வேண்டும். வேகமாகச் சுற்றினால் வோல்ற்று ஏறி வானொலி பழுதாகிவிடும். சூடடித்த நெல்லைக் களத்தில் சிந்தவிடாத நாம், சேர்த்த மின்னையும் சிந்தவிட வேண்டாம்.