எண்பது ரூபாய்

மும்பை நகரம். அப்போது அதன் பெயர் பம்பாய். அங்கே கிர்காம் என்று ஒரு பகுதி. நெருக்கமான வீடுகள், பழைய மாடிக் கட்டடங்கள். 1959-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15-ஆம் தேதி, அப்படி ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடினார்கள். உளுந்து மாவு பிசைந்தார்கள். அப்பளம் இட்டு வெயிலில் காய வைத்தார்கள்.

அவர்கள் குஜராத்தி மொழி பேசும் பெண்கள். அதிகம் படித்தவர்கள் அல்லர். வீட்டு வேலை முடிந்த பிறகு கொஞ்ச நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் நாலு காசு சம்பாதித்தால் குடும்பத்துக்கு உதவுமே என்று நினைத்தார்கள். தையல் வகுப்புக்குப் போகவில்லை. புதிய தொழில் எதையும் தேடவில்லை. அப்பளம் இடுவது அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அதையே தொழிலாக எடுத்துக்கொண்டார்கள்.

முதல் எங்கே? சகன்லால் பாரேக் என்ற சமூகத் தொண்டர் எண்பது ரூபாய் கடன் கொடுத்தார். அந்தப் பணத்தில் அப்பளத் தொழிலில் நஷ்டப்பட்ட ஒருவரின் சாமான்களை வாங்கினார்கள். மாவும் மற்றப் பொருள்களும் வாங்கினார்கள். முதல் நாள் நான்கு பொட்டலம் அப்பளம் தயார் ஆனது. புலேஸ்வர் கடைத்தெருவில் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் அதை விற்றார்கள்.

நான்கு பொட்டலம் என்றால் சிரிப்பு வருகிறதா? அந்தப் பெண்களுக்கு வந்த பணம் சிறியதுதான். ஆனால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பி வந்தது. வந்த பணத்தில் மறுபடி மாவு வாங்கினார்கள். பணம் இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தது. குறைந்த முதலில் தொழில் செய்பவர்களுக்கு இதுதான் முக்கியம். ஆறு மாதம் கழித்து விற்கும் பொருளில் எண்பது ரூபாயைப் போட்டிருந்தால், அந்த ஆறு மாதமும் கை கட்டி உட்கார வேண்டியதுதான்.

தொடக்கத்தில் அவர்களுக்கு ஒரு யோசனை இருந்தது. நல்ல அப்பளம் ஒரு விலை. கொஞ்சம் மட்டமான அப்பளம் குறைந்த விலை. இப்படி இரண்டு ரகம் போடலாம் என்று நினைத்தார்கள். சகன்லால் பாரேக் அதை ஏற்கவில்லை. ஒரே ரகம் போடுங்கள், தரம் குறையக் கூடாது என்றார். இன்னொன்றும் சொன்னார். இதைத் தொழிலாக நடத்துங்கள், கணக்கு ஒழுங்காக எழுதுங்கள் என்றார். யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்றும் அந்தப் பெண்கள் முடிவு செய்தார்கள். நஷ்டம் வந்தாலும் கேட்பதில்லை.

நஷ்டம் வராமல் இல்லை. முதல் ஆண்டே மழைக்காலம் வந்தது. மும்பை மழை லேசில் விடாது. வெயில் இல்லை, அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலை நின்று போனது. சம்பாத்தியம் இல்லாத நான்கு மாதம்! இந்த இடத்தில் பலர் தொழிலை விட்டுவிடுவார்கள். அடுத்த ஆண்டு மழைக்கு முன்பே அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு கட்டில் வாங்கினார்கள். ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பினார்கள். அடுப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்கள். வெளியே மழை பெய்தது. உள்ளே அப்பளம் காய்ந்தது. பெரிய இயந்திரம் வாங்கப் பணம் இருந்திருந்தால் இந்த யோசனை தோன்றியிருக்காதோ என்னவோ!

முதல் ஆண்டு மொத்த விற்பனை 6,196 ரூபாய். இது இலாபம் அல்ல, விற்பனை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விற்ற பணத்திலிருந்து மாவு, மிளகு, பெருங்காயம், உப்பு, எரிபொருள் எல்லாச் செலவையும் கழிக்க வேண்டும். வேலை செய்தவர்களின் கூலியையும் கழிக்க வேண்டும். வீட்டில் தொழில் செய்கிறவர்கள் இந்தக் கூலியைத்தான் கணக்கில் எழுத மறந்துவிடுகிறார்கள். "நான்தானே செய்கிறேன், எனக்கு என்ன கூலி?" என்று விட்டுவிடுவார்கள். பிறகு விலையைக் குறைத்து வைப்பார்கள். ஆண்டு முழுவதும் உழைத்தும் கையில் ஒன்றும் நிற்காது.

நாளுக்கு நாள் பெண்கள் சேர்ந்தார்கள். மூன்றாம் ஆண்டில் முந்நூறு பேருக்கு மேல் ஆனார்கள். மொட்டை மாடியில் இடம் இல்லை. அதனால் பிசைந்த மாவை மட்டும் ஓரிடத்தில் கொடுத்தார்கள். பெண்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பளம் இட்டார்கள். திரும்பக் கொண்டு வந்து எடை போட்டுக் கொடுத்தார்கள். எடைக்கு ஏற்ற கூலி. கைக்குழந்தை வைத்திருப்பவரும் வீட்டை விட்டுப் போகாமல் சம்பாதிக்க முடிந்தது. எல்லாருக்கும் ஒரே இடத்து மாவு என்பதால் ருசியும் மாறவில்லை.

1962-இல் அப்பளத்துக்கு 'லிஜ்ஜத்' என்று பெயர் வைத்தார்கள். குஜராத்தியில் ருசி என்று பொருள். இன்று இந்தியா முழுவதும் அதன் கிளைகள் இருக்கின்றன. 45,000 பெண்கள் வரை வேலை செய்கிறார்கள். அவர்கள் செய்த எல்லாமே ஓடியது என்று எண்ண வேண்டாம். தீப்பெட்டி செய்து பார்த்தார்கள். ஊதுபத்தி செய்து பார்த்தார்கள். இரண்டும் நிலைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். தொடங்கிய ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்த எண்பது ரூபாயைக் கொடுத்தவர் வட்டிக்காரர் அல்லர், சமூகத் தொண்டர். இதைக் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை.

தலைச்சுமையாகக் காய்கறி விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். விடியற்காலையில் வட்டிக்காரரிடம் ஆயிரம் ரூபாய் கடன் கேட்கிறார். அவர் நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு 900 ரூபாய் கொடுக்கிறார். மாலையில் ஆயிரம் திருப்பித் தர வேண்டும். அந்தப் பெண் 900 ரூபாய்க்குக் காய் வாங்கி 1,200 ரூபாய்க்கு விற்கிறார். ஆயிரம் கொடுத்தது போக மிச்சம் 200. வண்டிச் சத்தம், தேநீர் 40 ரூபாய். வீட்டுக்கு வருவது 160 ரூபாய்.

ஒரு நாளைக்கு நூறு ரூபாய் வட்டி பெரிதாகத் தெரியாது. முப்பது நாளைக்குக் கூட்டிப் பாருங்கள். மூவாயிரம் ரூபாய்! கையில் வாங்கிய பணம் வெறும் 900. அதற்கு ஒரு மாத வட்டி 3,000.

இதிலிருந்து எப்படி வெளியே வருவது? அவர் தினமும் 30 ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 130 ரூபாய்தான் போகும். கஷ்டம்தான். ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்; ஒரு நாள் காய் அழுகும்; ஒரு நாள் மழையில் ஆள் வராது. முப்பது நாளில் முடிய வேண்டியது ஐம்பது நாள் ஆகலாம். ஆனால் முப்பது முப்பதாக 900 ரூபாய் சேர்ந்த மறுநாள் அவர் யார் வாசலிலும் நிற்க வேண்டாம். நேரே சந்தைக்குப் போகலாம். தினமும் நூறு ரூபாய் கூடுதலாக வீட்டுக்கு வரும்.

அந்தப் பணத்தை எங்கே வைப்பது? அரிசிப் பானையில் வைத்தால் அரிசி வாங்கவே செலவாகிவிடும். வீட்டுப் பணம் வேறு, தொழில் பணம் வேறு என்று பிரித்து வைக்க வேண்டும். சொல்வது எளிது. வீட்டில் கேட்கிற ஆள்கள் இருக்கும்போது செய்வது கடினம். அதனால்தான் வெளியில் ஓர் இடம் தேவைப்படுகிறது.

இப்போது சில இடங்கள் இருக்கின்றன. ஊர்தோறும் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. குழுவில் மாதாமாதம் சேமிக்கலாம். அவசரத்துக்குக் கடன் வாங்கலாம். 2015-இல் முத்ரா திட்டம் வந்தது. அதில் 'சிசு' என்ற பிரிவில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை வங்கிக் கடன் உண்டு. சொத்து அடமானம் கேட்பதில்லை. 2020-இல் தெருவோர வியாபாரிகளுக்கென்று பிரதமர் ஸ்வநிதி திட்டம் வந்தது. முதல் கடனை ஒழுங்காகக் கட்டினால் அடுத்த கடன் கூடுதலாகக் கிடைக்கும். எந்தக் கடனாக இருந்தாலும் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

1974-இல் இவை எதுவும் இல்லை. குஜராத்தில் ஆமதாபாத் நகரத்தில் காய்கறி விற்பவர்கள், பழந்துணி விற்பவர்கள், வண்டி இழுப்பவர்கள் என்று பல பெண்கள் இருந்தார்கள். 'சேவா' என்ற சங்கத்தில் அவர்கள் உறுப்பினர்கள். இலா பட் என்ற அம்மையார் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர். மற்ற வங்கிகள் நம்மை மதிப்பதில்லை, நாமே ஒரு வங்கி தொடங்குவோம் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். நாற்பதாயிரம் ரூபாய் சேர்ந்தது.

வங்கியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பதினைந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுக்கோ எழுதத் தெரியாது, கைநாட்டுத்தான். ஓர் இரவு முழுவதும் அவர்கள் தூங்கவில்லை. உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதி எழுதிப் பழகினார்கள். பிறகு பதிவாளர் அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். வங்கி பதிவானது.