காப்புரிமை கேட்டால் கிடைத்துவிடுமா?

சென்ற கருத்தரங்கின் முடிவில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்து கேட்டார்: “என் மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறாளாம். அடுத்த மாதம் வெளிநாட்டு மாநாட்டில் அதைப் பற்றிப் பேசப் போகிறாள். அதற்குள் காப்புரிமைக்கு எழுதிப் போடவேண்டும் என்று பரபரக்கிறாளே, ஏன் தம்பி இந்த அவசரம்?” எனக்கோ நிகழ்ச்சியை முடிக்கச் சொல்லிக் கையசைத்துக் கொண்டிருந்தார்கள். அன்று விட்டுப்போன பதிலை இந்தப் பக்கத்தில் தருகிறேன்.

காப்புரிமை என்று இங்கு நான் சொல்வது பேட்டண்ட். கதைக்கும் பாட்டுக்கும் உள்ள பதிப்புரிமை வேறு. புதிய கருவி, மருந்து, செய்முறை போன்றவற்றை 20 ஆண்டுகள் வரை மற்றவர் அனுமதியின்றிச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமை இது. அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். கண்டுபிடிப்பு புதியதாக இருக்கவேண்டும், அத்துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடக் கூடியதாக இருக்கக்கூடாது, தொழிலில் பயன்படவேண்டும். இதில் ‘புதியது’ என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். உலகில் எங்குமே அது வெளியாகியிருக்கக் கூடாது என்பது பொருள். கண்டுபிடித்தவரே மேடையில் சொல்லிவிட்டாலும் வெளியானது வெளியானதுதான்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கோஹனும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் போயரும் மரபணுவை வெட்டி ஒட்டும் முறையை 1973 நவம்பரில் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அமெரிக்கச் சட்டம் வெளியீட்டுக்குப் பின் ஓராண்டு சலுகை தருகிறது. அந்த ஓராண்டு முடியச் சில நாட்களே இருந்தபோது, 1974 நவம்பரில், ஸ்டான்ஃபர்ட் விண்ணப்பித்தது. 1980 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. அது 1997ல் காலாவதியாவதற்குள் ஈட்டித் தந்த தொகை ஏறத்தாழ 255 மில்லியன் அமெரிக்க டாலர். ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே அவர்களுக்கு உரிமையே இல்லாமல் போயிற்று. முதலில் கட்டுரை வந்துவிட்டதே காரணம்.

அதே 1980 டிசம்பரில், அரசாங்கப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ளலாம் என்று பேய்-டோல் சட்டம் வந்தது. அதன் பிறகு உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் காப்புரிமைக்கென்று அலுவலகம் திறந்தன. நம் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய பிரிவுகள் உண்டு. எத்தனை காப்புரிமை என்று எண்ணிப் பெருமைப்படுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது சுலபம். உரிமத்தை விலை கொடுத்து வாங்க ஒரு நிறுவனம் முன்வரவேண்டும் அல்லவா?

சரி, விண்ணப்பித்தால் கிடைத்துவிடுமா? இங்கேதான் நம் நாட்டில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 1995 பிப்ரவரியில் நமது சொந்தக் காப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வரும்வரை, பிரிட்டனில் பெற்ற உரிமையை இங்கே மறுபதிவு செய்வதே வழக்கம். புதிய சட்டம் வந்தபோது ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. பரிசீலனை செய்தவர் “இது புதிதல்ல” என்று அறிக்கை எழுதினாலும், விண்ணப்பதாரர் கட்டணம் கட்டிக் காப்புரிமையை வாங்கிக்கொள்ளலாம்! செல்லுமா செல்லாதா என்பது அவர் பாடு. யாராவது வழக்குப் போட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை. தேர்வில் தோற்ற மாணவனுக்கும் சான்றிதழ் கொடுத்து, வேலைக்கு வைப்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டதுபோலத்தான் அது இருந்தது.

2014 பிப்ரவரி 14 முதல் அந்தக் கதவு மூடப்பட்டது. இப்போது பரிசீலனையில் தேறினால்தான் உரிமை. பாதகமான அறிக்கை வந்தால் மறுஆய்வு கோரலாம். அதிலும் தேறாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். முன்பு ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, டென்மார்க் அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டு வந்த பரிசீலனை வேலைக்கு, 2013ல் சிங்கப்பூர் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் தன் சொந்த அதிகாரிகளையே அமர்த்தியது. இன்னொரு பக்கவாசலும் இருந்தது. வேறொரு நாட்டில் காப்புரிமை கிடைத்திருந்தால் அதைக் காட்டி, புதுமை பற்றிய முழுப் பரிசீலனை இல்லாமலே இங்கும் பெறலாம். 2020 ஜனவரி 1 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அதுவும் இல்லை.

இனி அந்தத் தாயாரின் கேள்வி. 2017 அக்டோபர் 30 முதல் நம் சட்டமும் இரக்கம் காட்டுகிறது. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், 12 மாதத்துக்குள் இங்கே விண்ணப்பித்தால் அது குற்றமாகக் கருதப்படாது. ஆனால் ஐரோப்பாவில் இந்தப் பொதுச் சலுகை கிடையாது. உங்கள் மகள் மேடையில் பேசிய மறுநிமிடமே அங்கு வாய்ப்புப் போய்விடும். சலுகையை நம்பிப் பேசிவிட்டு வருவது, காப்புறுதி இருக்கிறதென்று சிவப்பு விளக்கில் சாலையைக் கடப்பது மாதிரி.

உரிமை யாருக்கு என்றும் கேட்டீர்கள், அம்மா. ஊழியர் தம் வேலையின் பகுதியாகக் கண்டுபிடித்தால் அது முதலாளிக்கு. மாணவர் ஊழியர் அல்லர். அவர் பல்கலைக்கழகத்துடனோ, நிதி தருபவருடனோ கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் பேசும். அதைத் தேடி எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உரிமை யாருடையதானாலும், கண்டுபிடித்தவர் என்று காப்புரிமையில் பெயர் இடம்பெறுவது அவருக்குள்ள உரிமை.

மாநாட்டுக்கு முன் காப்புரிமையே கைக்கு வரவேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். அதற்கு ஆண்டுகள் ஆகலாம். விண்ணப்பம் பதிவாகித் தேதி கிடைத்தால் போதும். அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளுக்குப் போகலாம். இங்கு வசிப்பவர் முதலில் வெளிநாட்டில் பதிய நினைத்தால், நம் அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. அமைப்பாளர்கள் அதைக் கூட்டத்துக்கு வாரங்கள் முன்பே இணையத்தில் போட்டுவிடுவதுண்டு. மகள் விமானம் ஏறும் தேதியைப் பார்த்துக்கொண்டிராமல், அந்தச் சுருக்கம் எப்போது வெளியாகும் என்று இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள்.